டூர் டீமும் ஸ்கோர் ஷீட்டும்

பத்து வயதுப் பையனை வெளியூர் டூர் டீமில் சேர்க்கத் தயங்கும் பெற்றோரைக் கண்டித்து, சென்னையில் கிரிக்கெட் அகாடமி நடத்தும் ஒரு கோச் எழுதியிருக்கிறார். இந்த வயதில் கோவா, துபாய் என்று போய் ஆடாதவன் பதினாறில் காணாமல் போய்விடுவானாம். கடன் வாங்கியாவது அனுப்பச் சொல்கிறார். வட்டி கட்டப்போவது அவரில்லை; தாராளமாகச் சொல்லலாம்.

அவருடைய துருப்புச் சீட்டு சதுரங்க வீரர் குகேஷ். காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தொழிலை ஒதுக்கிவிட்டு மகனோடு நாடு நாடாக அலைந்தார். 2024 டிசம்பரில், 18 வயதில், மகன் உலக சாம்பியன். எல்லாம் உண்மை. ஆனால் சதுரங்கக்காரர்கள் ஏன் அலைகிறார்கள்? உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் வரும் போட்டி எந்த ஊரில் நடந்தாலும் வெற்றி தோல்வி ரேட்டிங்கில் ஏறும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான நார்முக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடும் பட்டம் வாங்கியவர்களோடும் மோத வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஷார்ஜாவில் இரண்டு அகாடமிகள் தங்களுக்குள் பேசிவைத்து நடத்தும் இருபது ஓவர் மேட்ச் எந்தக் கணக்கில் ஏறும்? அங்கே சதமே அடித்தாலும், திரும்பி வந்து மாநில செலக்ஷனில் எல்லாப் பையன்களோடும் வரிசையில்தான் நிற்க வேண்டும். குகேஷின் அப்பா செய்த தியாகத்தைத் தன் ரசீதுப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டுக்கொள்கிறார் கோச்.

பதினாறில் கதை முடிந்துவிடுமா? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயதில் கிரிக்கெட்டையே விட்டுவிட்டுக் கட்டடக்கலை படிக்கப் போனவர். சுழல் பந்துக்கு வந்ததே பிற்பாடுதான். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். லட்சத்தில் ஒருவர் என்பார் கோச். இருக்கட்டும், குகேஷ் மட்டும் தெருவுக்கு ஒருவரா?

உடம்பைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளனுக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் போதும் என்கிறது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதல். வளரும் முதுகெலும்பில் விரிசல் விழும் என்ற பயம்தான் காரணம். நான்கு நாளில் ஆறு மேட்ச் வைக்கும் டூரில் இந்த ஓவர்களை எண்ணுவது யார்? கோச்சா, வேன் டிரைவரா?

‘பையனே ஆசைப்படுகிறான்’ என்பது அடுத்த வாதம். ஆசைப்படாமல் என்ன செய்வான்? ரயில், ஹோட்டல், நீச்சல்குளம், கூட்டாளிகள். தாராளமாகப் போகட்டும், நானே வழியனுப்பி வைக்கிறேன். அதற்குச் சுற்றுலாக் கட்டணம் வாங்குங்கள், இந்திய அணிக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கடைசியாக ‘எக்ஸ்போஷர்’. கட்டுரையில் அதிக முறை வருவது இந்தச் சொல்தான். டீமில் பதினைந்து பேர், இறங்குவது பதினொருவர். இருபது ஓவரில் 120 பந்து. அதில் பெரும்பகுதியை முதல் நான்கு பேர் தின்றுவிடுவார்கள். அந்த நால்வர் யார் என்பது கோச்சுக்கும் சில அப்பாக்களுக்கும் புறப்படும்போதே தெரியும். எட்டாவதாக இறங்கும் பையனும் அதே பணம்தான் கட்டியிருக்கிறான். பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு பந்து ஆடி, மிச்ச நேரமெல்லாம் ஃபைன் லெக்கில் நின்றுவிட்டு வருகிறான். சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் அவனுக்கு இதைவிட அதிகப் பந்து கிடைக்கும், செலவு பஸ் டிக்கெட்டோடு சரி.

கோச் அவர்கள் மறுக்கலாம். போன டூரின் ஸ்கோர் ஷீட் அவரிடம்தான் இருக்கும். எந்தப் பையன் எத்தனை பந்து ஆடினான், எத்தனை ஓவர் போட்டான், எத்தனை மேட்ச் வெளியே உட்கார்ந்தான் என்று அடுத்த டூருக்குப் பணம் கேட்கும் அதே நோட்டீஸில் அச்சடித்துத் தரட்டும்.