தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம். சுமார் 1,350 லிட்டர் பிடிக்கும். ரிடையர் ஆன பணத்தில் நான் செய்த ஒரே ஊதாரித்தனம் அதுதான் என்று வீட்டம்மா இன்றும் சொல்வாள்.

வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். "என்ன சார், தண்ணி பச்சையா இருக்கே! மொத்தமா இறைச்சுட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு விடுங்க." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது மீனைக் கொல்லும் யோசனை. நானே கொன்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன் கோடை விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள் என்று தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். அடித்தரை வரை பளிச்சென்று தெரிந்தது. மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாலாம் நாள் காலை பதினோரு தங்கமீன்கள் மிதந்தன. "தாத்தா, தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்கே, ஏன் செத்துப் போச்சு?" என்றாள் பேத்தி. பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாத விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை குடியிருப்பது தொட்டிச் சுவரின் வழுவழுப்பிலும் ஃபில்டர் பஞ்சிலும். நாம் "அழுக்கு" என்று தேய்த்து எடுப்பது அவற்றைத்தான்! மிச்சம் இருப்பதைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் முடித்துவிடும். அவை மறுபடி பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டும்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. 30 டிகிரி சூட்டில் பி.எச். 7 ஆக இருந்தால், இருக்கும் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. பி.எச். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் நாற்பதைத் தாண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் போலத் தெளிவாகவே இருக்கும்.

எனக்குக் கோபம் கடைக்காரர்கள் மேல். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிறார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. மீன் செத்தால் தண்ணீரைத் தெளிய வைக்கும் நீல மருந்து ஒரு பாட்டில், பிறகு புது மீன். அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் கேட்டால், "அதெல்லாம் வேண்டாம் சார்" என்கிறார்கள். வேண்டாம்தான், அவர்களுக்கு!

முழுக்கப் பச்சையாக விடச் சொல்லவில்லை. பாசி மிஞ்சினால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் திணறும். அதற்கு மருந்து இரையைக் குறைப்பதும், கொஞ்சம் நிழல் தருவதும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். குளோரின் கலந்த தண்ணீரை இரண்டு நாள் டிரம்மில் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உயரத்திலிருந்து கொட்டுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். டெஸ்ட் கிட் குழாயில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மஞ்சள்தான் தாத்தா, அம்மோனியா இல்லை" என்றாள். அடித்தரை தெரியவில்லை. மீன்கள் சுகமாக இருந்தன.