பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

அமெரிக்காவுக்கான தபால் சேவை 2025 அக்டோபர் 15 முதல் மறுபடி தொடங்கிவிட்டது. அந்த ஆகஸ்ட் கடைசியில் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்கா தந்த வரிவிலக்கு நீங்கியதும் நின்றுபோன அஞ்சலட்டைப் பரிமாற்றங்கள் பலருக்கு இன்னும் பாதியில் கிடக்கின்றன. இனி வரியை அனுப்புகிறவரே இங்கே கட்டிவிட வேண்டும். 2025இல் சேவை தொடங்கியபோது இந்தியப் பொருளுக்கு அது அறிவித்த மதிப்பில் 50 சதவீதமாக இருந்தது. ஐந்து டாலர் அட்டைக்கும் அதே விகிதம்தான். படிவத்தில் என்ன எழுதுவது என்று வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். நம் இதழின் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

விற்ற அட்டையை 'அன்பளிப்பு' என்று எழுதாதீர்கள். 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது உண்மை. அதற்காகப் பொய் சொல்லி ஒருவர் மாட்டிக்கொண்டால், அடுத்து நம் எல்லோருடைய கவர்களும் பிரிக்கப்படும். அமெரிக்கச் சட்டத்தில் தகவல்பொருள்களுக்குத் தனி விலக்கு உண்டு; அந்தப் பட்டியலில் போட்டோ, போஸ்டர், கலைப்படைப்பு எல்லாம் இருக்க, அஞ்சலட்டை என்று தனியாகப் பெயர் இல்லை. அதற்குள் நம் அட்டைகள் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் தபால் கவுண்டரில் நின்று அதை வாதாடி ஜெயிக்க முடியாது.

அடுத்தது, பிறப்பிட நாட்டைக் கேட்கும் கட்டம். எங்கிருந்து அனுப்புகிறோம் என்பதை வைத்து வரி விகிதம் அமைவதில்லை. பொருள் எங்கே உருவானது என்பதே கணக்கு. 1914க்கு முந்தைய நம் காட்சி அட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சானவை. பின்பக்கத்தில் அது தெளிவாக இருந்தால் ஜெர்மனி என்றே எழுதுங்கள். கவுண்டரில் பழக்க தோஷத்தில் 'இந்தியா' என்று தட்டிவிடுவார்கள். ரசீது அடிக்குமுன் திரையைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அட்டையின் பின்னால் உள்ள 'பிரிண்டெட் இன் ஜெர்மனி' என்ற வரியே சுங்கச் சட்டத்தால் வந்ததுதான். இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்கச் சொன்னது அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சட்டம். 1909இன் பெய்ன்-ஆல்ட்ரிச் சட்டம் ஜெர்மன் அட்டைகளுக்கான வரியைக் கூட்டி அமெரிக்க அச்சகங்களுக்கு வழிவிட்டது. நாம் அட்டைகளுக்குத் தேதி கணிப்பதில் இந்த அடையாளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து தெரிவது அச்சகத்தின் விலாசம் மட்டுமே. வேறு ஊர் அட்டைகளில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. எல்லை ஊர் அட்டைகளில் இது ஊரையே விழுங்கிவிடுகிறது.

அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோ ஊரான நுவேவோ லாரெடோவின் லினன் அட்டையை (துணிபோல் புடைப்புள்ள தாளில் அச்சானது) எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பது மெக்சிகோவின் தெரு, 1926இல் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர் தொடங்கிய காடிலாக் பார் இருந்த ஊர். கேப்ஷன் ஆங்கிலத்தில். கர்ட் டைக் அச்சகத்தின் எண் '5ஏ-எச்' என்று தொடங்கினால் 1935, சிகாகோ அச்சு. வாங்கியவர் மதுவிலக்குக் காலத்திலிருந்தே பாலம் தாண்டி வந்துபோன அமெரிக்கர். திரும்பிப் போய் டெக்சாஸ் லாரெடோவில் தபாலில் போட்டிருந்தால், ஸ்டாம்பும் முத்திரையும் அமெரிக்காவுடையவை. படிவத்தில் 'அமெரிக்கா' என்று எழுதுவோம். சட்டப்படி சரி. படத்தில் உள்ள ஊருக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

ரியல் போட்டோ அட்டைகளில் சிக்கல் இன்னும் ஆழம். மெக்சிகோவின் மட்டமோரோஸ் 1913 ஜூனில் புரட்சிப்படையிடம் வீழ்ந்ததையும், ஆகஸ்டில் லோஸ் பொர்ரேகோஸ் பண்ணையில் விவசாயிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்ததையும் படமெடுத்த ராபர்ட் ரன்யன், எல்லை ஆற்றின் அமெரிக்கக் கரையில் பிரவுன்ஸ்வில்லில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய சேகரிப்பு இன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. எல் பாசோவின் வால்டர் ஹோர்ன், 1916 ஜனவரியில் எதிர்க்கரையிலுள்ள ஹுவாரெஸில் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதை மூன்று அட்டைகளாக வெளியிட்டார். மார்ச்சில் நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊரை மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் தாக்கிய பிறகு எல்லையில் குவிந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஹோர்னின் அட்டைகளை வாங்கி வீட்டுக்கு எழுதிப்போட்டார்கள். முன்பக்கம் ஹுவாரெஸின் மரணம். அதை யார், யாருக்கு, என்ன மனநிலையில் அனுப்பினார் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வரலாறு என்று சொல்ல முடியாது.

அட்டைகளை முறையாக அடுக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புவியியலாளர் டேனியல் அரியோலா 2013 முதல் 2021 வரை வெளியிட்ட நான்கு நூல்கள் சாட்சி. ஒரே தெருமுனை, ஒரே பாலம், ஒரே சுங்கச் சாவடி; ஆண்டு மாற மாற அட்டைகள். எல்லை ஊரான நொகாலெஸின் இன்டர்நேஷனல் தெருவைப் பாருங்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவே வெறும் அகலமான மண்வெளி. 1918 ஆகஸ்ட் 27 அன்று அங்கே நடந்த சண்டைக்குப் பிறகு வேலி. வேலி வந்த வருடத்தை அரசாங்கக் கோப்பும் சொல்லும். அதற்கு முன் மக்கள் குறுக்கே எப்படி நடந்தார்கள், கடைகள் எந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருந்தன என்பதைப் பார்க்க அட்டைதான் வேண்டும். அதன் தேதியும் சரியாக வேண்டும். அது வேலிக்கு முந்தையதா பிந்தையதா என்று சந்தேகம் வந்தால் பின்பக்கத்தில் ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறோம்: அஸோ போட்டோ தாளில் நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் 1918க்குள், இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் அதற்குப் பிறகு.

இது தெரிந்தும் நம் பொது நிறுவனங்கள் செய்வதென்ன? நான் பார்த்த ஒரு நூலகத்தில் அட்டைகளை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிரிக்க அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. ஸ்கேன் செய்து ஏற்றினால் முன்பக்கம் மட்டும். பட்டியலில் 'இடம்' என்று ஒரே ஒரு கட்டம், அதில் பதிப்பகத்தின் ஊர். கண்காட்சி நடுவர்களோ படத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு முத்திரைக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கி எறிகிறார், இன்னொருவர் பின்பக்கத்தை. இப்போது சுங்கப் படிவமும் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறோம். மனுக்களுக்குப் பதில்கூட வருவதில்லை. இது அலட்சியம் என்பதைத் தவிர வேறென்ன?

நமக்கு இது எட்டாத ஊர்க் கதை அல்ல. 1914 மார்ச் 1இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயல் அந்தத் துறையை அழித்தது. அந்தத் துறைமேடையைக் காட்டும் அட்டை ஒன்று கொழும்புக் கடையில் விற்றதா, மதராஸிலா, பயணி எந்தக் கரையில் இறங்கித் தபாலில் போட்டார் என்பதெல்லாம் இனி அட்டையைத் தவிர வேறெங்கே தெரியும்? அது 'ஜெர்மனி' என்ற ஒற்றைச் சொல்லோடு வெளிநாடு போய்விட்டால் திரும்பத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை.

ஆகவே வரும் ஜனவரி இதழிலிருந்து விற்பனை-பரிமாற்றப் பட்டியலில் இரு பக்கப் படமும் இல்லாத அட்டையைச் சேர்க்கமாட்டோம். கூடவே நான்கு விவரங்கள் தனித்தனியாக வேண்டும்: படத்திலுள்ள ஊர், எடுத்தவர் அல்லது வெளியிட்டவர், அச்சான இடம், தபாலில் போட்ட ஊரும் தேதியும். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுங்கள். எழுத்தில் யாருடைய வீட்டு விலாசமாவது இருந்தால் அந்த வரியை மறைத்துப் படமெடுக்கலாம்; முத்திரையை மட்டும் மறைக்காதீர்கள்.