கூகுளில் சேர்க்கக் காசு எதற்கு?

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்பவர் ஒரு இணையதளம் தொடங்கினால், வாடிக்கையாளருக்கு முன்பே "உங்க கடையை கூகுள்ல சேர்த்துத் தர்றோம் சார்" என்று கட்டணம் கேட்டு அழைப்பு வந்துவிடும். கொடுக்கத் தேவையில்லை. சாதாரணத் தேடல் முடிவுகளில் சேர்க்க கூகுள் பணம் வாங்குவதில்லை. அதற்கான கூகுளின் 'சர்ச் கன்சோல்' கருவியும் இலவசம். பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை அதில் கொடுத்தால் தேடுபொறிக்கு வழி தெரியும். சில நாளோ சில வாரமோ ஆகலாம், பொறுக்க வேண்டும்.

பிறகும் தளம் தேடலில் வரவில்லையா? வேர்ட்பிரஸ் தளமென்றால் அமைப்புகளில் 'வாசிப்பு' பக்கத்தைப் பார்க்க வேண்டும். தேடுபொறிகளை வரவேண்டாமெனச் சொல்லும் சின்னக் கட்டம் ஒன்று அங்கே உண்டு. தளம் கட்டும்போது அதில் டிக் போட்டவர், திறப்பு நாளன்று எடுக்க மறந்திருப்பார். ஷட்டரை இறக்கிவைத்து வியாபாரத்துக்குக் காத்திருப்பது போலத்தான் அது.

தேடுபொறி எளிதாகப் படிக்க, சேலையின் பெயர், விலை, ஊர் எல்லாவற்றையும் ஒரே படமாக ஏற்றாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்வதும் அவசியம்.