வீழக் கற்பிக்கும் ஆசான்

போர் ஓய்ந்த மண்ணில் பிள்ளைகளுக்கு எதற்குப் போர்க்கலை? வடபுலத்தில் தற்காப்புக்கலை வகுப்பு என்று பேச்செடுத்தாலே பெற்றோரிடமிருந்து எழும் முதற் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. 2009இல் போர் முடிந்த பின்னரும் வாள்வெட்டுச் செய்திகள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளை விட்டு நீங்கவில்லை. அடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு இங்கு பஞ்சமில்லை. இருக்கும் போதாதென்று இன்னும் சிலரை உருவாக்க வேண்டுமா என்று ஒரு தாய் அஞ்சினால், அந்த அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

ஆயினும், தேர்ந்த ஆசான் ஒருவரிடம் கற்கும் போர்க்கலை அந்தத் தாயின் அச்சத்தைப் பெருக்காது, குறைக்கும் என்பதே என் கருத்து. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஐகிடோ என்னும் ஜப்பானியக் கலை. மயிலிட்டியைப் போன்றதோர் ஊரை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

ஐகிடோவை உருவாக்கியவர் மொரிஹெய் உயெஷிபா (1883 – 1969). 1915இல் ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் தகேதா சொகாகு என்னும் கடுமையான ஆசானைச் சந்தித்து, தைத்தோ-ரியூ என்ற பழைய மற்போர் முறையை அவரிடம் கற்றவர். அந்த அடித்தளத்தின் மீதே தம் கலையைக் கட்டினார். எதிரி தள்ளினால் விலகித் திரும்புதல், இழுத்தால் அவனோடு சேர்ந்து நகர்ந்து உட்புகுதல், அவன் தந்த வேகத்தைக் கொண்டே அவனை நிலைகுலையச் செய்தல் ஆகியவை இக்கலையின் வழி. ஜூடோவின் தந்தையான ஜிகோரோ கானோ 1930இல் உயெஷிபாவின் ஆற்றலை நேரிற் கண்டபின், தம் மாணவர்கள் சிலரையே அவரிடம் கற்க அனுப்பிவைத்தார். தன் மாணவனை இன்னொரு ஆசானிடம் அனுப்பும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

ஐகிடோவின் பெரும்பாலான மரபுகளில் போட்டி கிடையாது. பதக்கம் இல்லை, வென்றவன் தோற்றவன் இல்லை. இருவர் சோடியாக நிற்பர். ஒருவர் தாக்குவார்; மற்றவர் அதனை ஏற்றுத் திருப்பி வீழ்த்துவார். வழக்கமாக நான்கு முறை முடிந்ததும் இடம் மாறும். வீழ்த்தியவர் இப்போது வீழ வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளை எத்தனை முறை வீழ்த்துகிறதோ ஏறக்குறைய அத்தனை முறை வீழவும் செய்கிறது. தன் கையில் இருக்கும் மணிக்கட்டு இன்னும் சில நொடிகளில் தன் மணிக்கட்டைப் பிடிக்கப்போகும் ஒருவருடையது என்பதை ஒவ்வொரு கணமும் உணர்த்தும் பயிற்சி இது. அடக்கத்தை அறிவுரையாகக் கேட்பதிலும் இப்படி உடம்பாற் கற்பது ஆழமாகப் பதியும்.

வீழ்தலை அவர்கள் 'உகெமி' என்பர். உடலால் ஏற்றல் என்பது அதன் கருத்து. நாடியை மார்போடு ஒடுக்கித் தலையைக் காத்து, கையை வில்போல் வளைத்து, ஒரு தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே மறுபக்க இடுப்புக்கு உருண்டு எழ வேண்டும். நல்ல ஆசான் முதற் சில மாதங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்விப்பார். பிள்ளை சலிப்படையும். பெற்றோரும் 'பணம் கட்டியது விழுந்து எழும்பவா?' என்பர். ஆசான் அசைய மாட்டார். ஏனெனில் வீழத் தெரியாதவனை வீழ்த்தக்கூடாது என்பது இக்கலையின் முதல் விதி.

இந்த விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. போர்க்கலைகள் பிறந்த அந்த நாட்டிலேயே, 1983க்கும் 2010க்கும் இடையில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலை மாணவர்கள் ஜூடோப் பயிற்சி விபத்துக்களில் உயிரிழந்தனர். தலையில் அடிபட்டதே முக்கிய காரணம். இறந்தவர்களுட் பலர் கலைக்குப் புதியவர்கள். 2012இல் நடுநிலைப் பாடசாலைகளில் போர்க்கலைகள் கட்டாய பாடமாக்கப்பட்டபோது, ஜப்பானியப் பெற்றோரும் நம் பெற்றோரைப் போலவே அஞ்சினர். குறை கலையில் இல்லை. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று அளந்து கொடுக்கத் தெரியாதவர்கள் கற்பித்ததில் இருந்தது.

இங்கும் நான் கண்டதுண்டு. பெயர் வேண்டாம். ஒரு பயிற்சிக்கூடத்தில், வந்து இரண்டு கிழமைகூட ஆகாத சிறுவனைச் சீமெந்துத் தரையில் விரித்த மெல்லிய பாயின் மீது பெரிய மாணவன் ஒருவன் தூக்கி வீசினான். பிள்ளையின் தோள்மூட்டு விலகியது. பயிற்றுநருக்குப் பின்னாற் சுவர் நிறையக் கேடயங்களும் சான்றிதழ்களும் தொங்கின. அவற்றுள் ஒன்றுகூட அந்தச் சிறுவனைக் காப்பாற்றவில்லை.

இப்போது எல்லாம் காணொளியில் இருக்கிறதே, ஆசான் எதற்கு என்று கேட்போர் உளர். காணொளி கையைக் காட்டும். உடலின் பாரம் எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு மாறியது என்பதைக் கண்ணுக்கு முழுமையாகக் காட்டாது. ஆசானின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவர் அசைந்ததே தெரியாமல் நாம் தரைக்குப் போகும்போதுதான் அது விளங்கும். மூட்டைத் திருகும் பிடிகளில் வலிக்கும் காயத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. அந்தத் தூரத்தை அறிந்த கை, பல ஆண்டுகள் பல உடல்களைத் தொட்டுப் பழகிய கை. குழந்தைக்கு ஓர் அளவு, பெண்பிள்ளைக்கு ஓர் அளவு, ஐம்பது வயதில் பாயில் வந்து நிற்பவருக்கு ஓர் அளவு என்று அது தானே அறியும்.

ஐகிடோ மீது ஒரு விமர்சனம் உண்டு. 'வீழ்பவர் ஒத்துழைத்து வீழ்கிறார். உண்மைச் சண்டையில் இது எடுபடாது' என்பர். பல பயிற்சிக்கூடங்களைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆசானை மகிழ்விக்க மாணவர் தாமே துள்ளி விழும் கூத்துக்கள் எங்கும் நடக்கின்றன. இங்கும் மருந்து ஆசானே. தேர்ந்தவர் 'ஒழுங்காகப் பிடி, உண்மையாக அடி' என்பார். தம் உத்தி பலிக்காதபோது அதை மறைக்காமல் மாணவர் முன்னிலையிலேயே மீண்டும் செய்து பார்ப்பார். தெருச்சண்டையில் வெல்வதற்காகவே கற்க விரும்புவோருக்கு நான் ஐகிடோவைப் பரிந்துரைக்க மாட்டேன். நிலைதவறாமல் நிற்கவும், அடிபடாமல் விழவும், கோபத்திற் கையை ஓங்காமல் இருக்கவும் கற்க விரும்புவோருக்குப் பரிந்துரைப்பேன்.

நமக்கென்று சிலம்பம் இருக்க ஜப்பானியக் கலை எதற்கு என்ற கேள்வியும் வரும். சிலம்பம் கற்றால் மிக்க மகிழ்ச்சி. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுக்களில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஐகிடோவிலும் 'ஜோ' என்னும் கைத்தடி உண்டு. நல்ல சிலம்பாசான் கம்பைக் கையிற் கொடுக்குமுன் காலடியைத்தான் திருத்துவார். கம்பு எந்த நாட்டினதாயினும் கற்பிக்கும் ஒழுங்கு ஒன்றே.

இனி மயிலிட்டிக்கு வருகிறேன். 1990 யூன் மாதத்தில் அந்த ஊர் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் முடங்கியது. வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம் 2017 யூலை 3ஆம் திகதிதான் மக்களிடம் திரும்பியது. இருபத்தேழு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிற் பிறந்த பிள்ளைகள், தம் ஊர்க் கடலைப் பாராமலே பெற்றோராகும் வயதை எட்டிவிட்டனர். துறைமுகத்தை இயந்திரங்களைக் கொண்டு சீரமைத்தார்கள். சோளகம் எப்போது திரும்பும், வாடையில் எந்தப் பக்கம் வள்ளத்தை விடலாம், கல்லில் வலை படாமல் எப்படி வளைப்பது என்பவற்றை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது. அவை தந்தை பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவை. கற்பிப்பவர் இல்லாமற் போவதன் இழப்பு மயிலிட்டியாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லாத ஒன்று.

இதனால்தான் உயெஷிபாவின் வாழ்வில் ஒரு பகுதி என்னை மிகவும் ஈர்க்கிறது. 1942இல் அவர் டோக்கியோவை விட்டு இவாமா என்ற கிராமத்துக்குச் சென்று பயிர் செய்யத் தொடங்கினார். 1945இல் ஜப்பான் தோற்றது. வந்திறங்கிய வெளிநாட்டுப் படை போர்க்கலைகளுக்குத் தடை விதித்தது. டோக்கியோவிலிருந்த அவருடைய பயிற்சிக்கூடத்தில் குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் குடியிருந்தன. நம் பாடசாலைகளும் கோயில்களும் கண்ட அதே காட்சி. கலை அத்தோடு அழிந்திருக்கலாம். ஆனால் 1946இல், மொரிஹிரோ சைத்தோ என்ற பதினெட்டு வயதுக் கிராமத்து இளைஞன் அந்த முதியவரிடம் வந்து சேர்ந்தான். இரயில்வேயில் முறைவேலை, வேலையற்ற நாட்களில் தோட்ட வேலையும் பயிற்சியும். ஆசான் 1969இல் மறையும் வரை கூட இருந்தான். அதன்பின் அந்தக் கிராமத்துப் பயிற்சிக்கூடத்தைத் தானே பொறுப்பேற்று 2002இல் இறக்கும் வரை கற்பித்தான். உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர் அந்தச் சிற்றூரைத் தேடிச் சென்றனர். டோக்கியோவில் மகன் கிஷொமாரு மறுபுறம் கலையைக் கட்டிக்காத்தார்.

தோற்றுப்போன ஒரு நாட்டில் ஒரு கலை பிழைத்தது ஒரு முதியவரும் சில மாணவர்களும் விடாமல் ஒருவரையொருவர் பற்றி நின்றதால். கட்டடமும் பணமும் பின்னால் வந்தன.

ஊருக்கு உதவ விரும்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு என் வேண்டுகோள் இதுவே. மண்டபம் கட்டித் திறப்புவிழாக் கல்லிற் பெயர் பொறிப்பதை இரண்டாவதாக வையுங்கள். முதலில் ஒரு நல்ல ஆசானைத் தேடுங்கள். அவர் வாரந்தோறும் வந்துபோக, ஓராண்டுக்கன்று, பத்தாண்டுகளுக்கு வழிசெய்யுங்கள். ஊரிலேயே தங்கி வாழ எண்ணும் ஓர் இளைஞனையும் ஒரு பெண்ணையும் அவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அவர்கள் கற்பிப்பார்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தம் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் ஆசான் யார்? அவரிடம் இன்றும் போகிறீர்களா? பத்தாண்டுகளாக உங்களோடு இருக்கும் மாணவர் உண்டா? வகுப்பிலேயே வலுக்குறைந்த பிள்ளையை யாரோடு சோடி சேர்க்கிறீர்கள்? நாங்கள் ஓரமாக இருந்து பார்க்கலாமா? இத்தனை மாதத்திற் கறுப்புப் பட்டி என்று நாள் குறிப்பவரிடமிருந்து பிள்ளையை உடனே அழைத்துவந்துவிடுங்கள். கறுப்புப் பட்டியின் முதற்படிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'ஷோதான்'. தொடக்கப்படி என்பதே அதன் பொருள். அதை முடிவென்று விற்பவர் ஆசான் அல்லர்.

முதலில் கேட்ட தாய்க்கு என் விடை இது: அம்மா, உங்கள் பிள்ளைக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது, அது தெருவிலேயே கிடைக்கிறது. பிடித்த கையை எந்த இடத்தில் விடவேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஓர் ஆசான் வேண்டும். அத்தகையவர் கிடைத்தால் அஞ்சாமல் அனுப்புங்கள்.