சமைத்தவள் சாப்பிட்டாளா?

கட்சி வேலையாக ஊர் ஊராய்ச் சுற்றுகிற என் போன்றவனுக்குச் சொந்த அடுப்பு என்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு. இருபது வருஷமாக மில் தொழிலாளியின் லைன் வீட்டிலும், விவசாயத் தொழிலாளியின் குடிசையிலும் கைநனைத்துத்தான் இந்த உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே வீட்டு விருந்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டு. சமைத்தவன் என்ற முறையில் அல்ல, தின்றவன் என்ற முறையில்.

சில வருஷங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு தோழர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் போய் உட்கார்ந்தோம். கோழிக் குழம்பு, முட்டை வறுவல், ரசம், அப்பளம், பாயசம் என்று ஒன்றும் குறைவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி, வாசலில் உட்கார்ந்து உலக நிலவரத்தை அலசிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்காக நான் உள்ளே போனேன். அந்தச் சகோதரி குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. “நீங்க போயி உக்காருங்கண்ணா, நான் கொண்டாறனுங்க” என்று எச்சில் கையோடு எழுந்தார். மறுவாரம்தான் இன்னொரு சங்கதியும் தெரிந்தது. கோழி வாங்கிய பணம், குழுக் கடனுக்குக் கட்ட எடுத்துவைத்திருந்த வாரத் தவணை!

இது என்ன நியாயம்? கூப்பிடுகிறவன் ஒருவன், கடன்படுகிறவளும் அடுப்பில் வேகிறவளும் இன்னொருத்தியா? நாங்கள் ஏழு பேரும் “சாப்பாடு பிரமாதம்” என்று சொன்னோம். “நீ சாப்பிட்டாயா அம்மா?” என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்தான்.

அதற்காக விருந்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷம் ஒரே மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒருவன் வீட்டுச் சோற்றை இன்னொருவன் தின்கிறபோதுதான் சாதிச் சுவரில் கீறல் விழுகிறது. 1917-ல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன் தாழ்த்தப்பட்ட மக்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அவருடைய சொந்தச் சமூகத்தாரே அவரை விலக்கிவைத்தார்கள். நம் பக்கத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் 1924-25-ல் தமிழ்நாட்டையே கலக்கியது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சின்னக் காரியமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே கூப்பிடுங்கள், தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் வீடு தாங்குகிற மாதிரி கூப்பிடுங்கள்.

முதலில் தலைக் கணக்கு. வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது இரண்டு நாள் முன்பே அடுப்பங்கரைக்குத் தெரிந்தாக வேண்டும். உழைக்கிற உடம்புக்கு ஒரு கிலோ அரிசி ஆறு பேருக்குச் சரி. பத்துப் பேர் என்றால் இரண்டு கிலோ. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் பழைய சோறு. சாம்பாருக்கு அரைக் கிலோ துவரம் பருப்பு தாராளம். ரேஷன் அரிசியைப் போட்டால் கௌரவம் போய்விடும் என்று கடையில் கடன் சொல்லி உயர்ந்த ரக அரிசி வாங்குகிறவர்கள் உண்டு. வருகிறவனும் தன் வீட்டில் அதே ரேஷன் அரிசியைத்தானே தின்கிறான்!

பத்து வகை எதற்கு? ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர் போதும். கறிதான் வேண்டுமென்றால் கறி ஒன்றோடு நிறுத்துங்கள். வத்தக் குழம்பை முதல்நாள் ராத்திரியே வைத்துவிடலாம். மறுநாள் அதன் ருசி கூடத்தான் செய்யும். பருப்பும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அப்படியல்ல, ஊசிப்போகும். அதை அன்றைக்கே வைக்க வேண்டும். காய் நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் சாயங்காலமே முடிந்துவிட்டால், ஆள் வருகிற நேரத்தில் ரசம் கொதிக்க வைப்பதும் அப்பளம் பொரிப்பதும்தான் பாக்கி.

இதையெல்லாம் யார் செய்வது? காலை ஷிப்டு முடிந்து நாலு மணிக்கு வீடு வருகிற தோழர் செய்யட்டுமே! “எனக்கு இதெல்லாம் வராது” என்பார். அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டுகிற கைக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வராதா?

(புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை இங்கே நான் இழுக்கவில்லை. அது சோறல்ல, வரவு செலவு. அதைப்பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும்.)

கீழத்தஞ்சையில் ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டில் அறுவடை முடிந்த கையோடு நடந்த சாப்பாடு மறக்க முடியாதது. வீட்டுக்காரர் போட்டது சோறும் மீன் குழம்பும் மட்டும். மற்றதெல்லாம் வந்தவர்கள் கொண்டுவந்தது: ஒரு வீட்டிலிருந்து கீரை மசியல், ஒரு வீட்டிலிருந்து தயிர், இன்னொரு வீட்டிலிருந்து வாழைப்பழம். பிள்ளைகள் விளையாடுகிற கூட்டாஞ்சோறுதான், பெரியவர்கள் செய்தார்கள்! முதல் பந்தியில் சமைத்த பெண்கள் உட்கார்ந்தார்கள்; ஆண்கள் பரிமாறினோம். “ஆம்பளைங்க நிக்கிறப்ப பொம்பளைங்க உக்காந்து திங்கிறதா?” என்று முணுமுணுத்தார் ஒரு பெரியவர். யாரும் அவரோடு வாதாடவில்லை. ஒரு பெண் இலையிலிருந்து நிமிர்ந்து, “பெரியப்பா, கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க” என்றாள். கரண்டி பக்கத்தில் இருந்தது; ஊற்றினார். அப்புறம் கடைசி இலை வரைக்கும் அவர்தான் ஊற்றினார்.

அடுத்த மாதம் மறுபடி அந்தக் கோவைத் தோழர் வீட்டுக்குப் போகிறேன். மூன்று பேர் என்று இப்போதே சொல்லியாகிவிட்டது. மூன்று மணிக்கே வந்துவிடுவேன், வெங்காயம் என் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சகோதரி போனில் சிரித்தார். நம்பவில்லை போலிருக்கிறது.