பாதிக் கதையைச் சொல்லாதீர்கள்!

"காமராஜர் எத்தனாவது வரை படித்தார் ஹஜ்ரத்?"

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தவறிவிட்டான். இனி பள்ளிக்கூடத்தின் பக்கமே தலை வைக்கமாட்டேன் என்று பிடிவாதம். நான்கு வார்த்தை புத்தி சொல்லுங்கள் என்று அவனுடைய அத்தாதான் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான். காமராஜர், ஜி.டி. நாயுடு, பில் கேட்ஸ் என்று வரிசையாக அடுக்கினான். கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டான் பாருங்கள்: "நீங்களே எட்டாவதோடு நின்றவர்தானே ஹஜ்ரத்!"

அத்தா கையை ஓங்கிவிட்டார். நான் தடுத்தேன். பையன் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே!

பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. இந்தப் பாதிக் கதைதான் இன்று கைப்பேசியில் ஒரு நிமிடப் படமாக நம் பிள்ளைகளைத் தேடி வருகிறது. மேடை ஏறுகிற நாமும் கைதட்டலுக்காக அதையே சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை யார் சொல்வது?

காமராஜர் ஆறாம் வகுப்போடு நின்றது உண்மை. தகப்பனாரை இழந்த பிள்ளை. விருதுநகரில் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். விரும்பி விட்ட படிப்பா அது? கடைக்குப் போனவர் துணியை மட்டும் மடித்துக்கொண்டிருக்கவில்லை. பத்திரிகை படித்தார், கூட்டங்களைத் தேடிப் போய்க் கேட்டார். 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். வாழ்நாளில் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்த மனிதர், அங்கேயும் புத்தகத்தை விடவில்லை. சரி, 1954இல் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன செய்தார்? 'நான் படிக்காமலே இங்கு வந்துவிட்டேன், நீங்களும் வாருங்கள்' என்றா சொன்னார்? மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தார். புதுப் பள்ளிகளைக் கட்டினார். பசித்த பிள்ளை வகுப்புக்கு வராது என்று மதிய உணவு போட்டார். படிப்பை இழந்தவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

ஜி.டி. நாயுடுவின் கதையும் இப்படித்தான். மூன்றாம் வகுப்பு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப் பணமும் உழைப்பும் கொடுத்தவரும் அவரே. மூன்றாம் வகுப்புக்காரர் எதற்குக் கல்லூரி வைக்க வேண்டும்? சிந்தியுங்கள்!

பில் கேட்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1975இல் அவர் விட்டுவந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகம். நம் தம்பி விட்டுவந்தது பத்தாம் வகுப்புக் கணக்கு. 1968இலேயே பள்ளியில் கணினியைத் தொட்டுப் பழகிய வக்கீல் வீட்டுப் பிள்ளை அவர்.

எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வேறொருவர். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. இராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் அக்காள் கணவர் ஜலாலுதீன். வீட்டு வறுமையால் அதிகம் படிக்க முடியாதவர். ஆனாலும் அந்தக் காலத்தில் தீவு முழுக்க ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று கலாமே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். யார் வந்து கேட்டாலும் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். கலாம் சென்னையில் எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய மனைவி ஜொஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தாங்கள் எட்டாத கிளையில் தம்பியை ஏற்றிவிட்ட குடும்பம் அது. இதற்குப் பெயர் வெற்றி இல்லையா?

இனி என் கதைக்கு வருகிறேன். பையன்தான் இழுத்துவிட்டானே!

எட்டாம் வகுப்பு முடித்து மத்ரஸாவில் சேர்ந்தேன். ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கினேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முப்பது வயதைக் கடந்து, வெளிநாட்டில் ஒரு வேலைக்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது ஸனதைக் காட்டினேன். அங்கிருந்தவர் அதை மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, "பத்தாவது சர்டிபிகேட் இருக்கா பாய்?" என்றார். இல்லை. இ.சி.ஆர். முத்திரை விழுந்தது. பத்தாவது தேறாதவர் சவூதி, அமீரகம், குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்ற அனுமதி தனியாக வாங்கியாக வேண்டும். நான் அலைந்துகொண்டிருந்த வாரங்களில் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்றுதான் முடிவு செய்தேன். தனித்தேர்வராகப் பணம் கட்டினேன். என் மகன் வயதுப் பையன்களுக்கு நடுவே தொப்பியும் தாடியுமாய் உட்கார்ந்து எழுதினேன். கணக்கில் முதல் தடவை தவறினேன்! பாகப்பிரிவினைக் கணக்கை விரல் நுனியில் போடுகிறவனுக்கு அல்ஜீப்ரா வரவில்லை. அந்தச் சொல்லே அரபிச் சொல். அந்தக் கணக்கைப் புத்தகமாக எழுதிய குவாரிஸ்மி அதிலேயே வாரிசுப் பங்குக் கணக்கையும் எழுதியிருக்கிறார். என்ன செய்ய? இரண்டாம் தடவைதான் தேறினேன்.

வியாபாரப் பெருமக்களே! உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நம் சமுதாயத்தில் படிப்பைப் பாதியில் விட்டு முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கடையே பள்ளிக்கூடமாக இருந்தது. பழைய முதலாளிமார் ஒரு பையனைச் சேர்த்தால் முதலில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள். பிறகு தராசு, பிறகு பேரேடு. நம்பிக்கை வந்ததும் கல்லாவில் உட்கார வைத்து, கொள்முதலுக்கும் உடன் அழைத்துப் போவார்கள். அவன் தனிக்கடை வைத்தால் முதல் சரக்கைக் கடனாக அனுப்புவார்கள். அந்தக் காலத்து வணிகர்கள்தானே கல்லூரிகளையும் எழுப்பினார்கள்? 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. 1951இல் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் திருச்சியில் எழுப்பிய ஜமால் முஹம்மது கல்லூரி.

இன்று உங்கள் கடையில் நிற்கும் பையன் ஆறு வருடமாக என்ன கற்றான்? காலை பத்து முதல் இரவு பத்து வரை பிரித்த துணியை மடிக்கிறான். சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது என்பது பரம ரகசியம்! பள்ளியும் போய், பயிற்சியும் இல்லாமல் அவன் எதை வைத்து முன்னேறுவான்? பதினான்கு வயது நிறையாதவனை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

படிப்பு நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, ஐந்தாம் வகுப்பு, மூன்று கடை. மனக்கணக்கில் கால்குலேட்டரைத் தோற்கடிப்பார். 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லாவற்றையும் கணக்கு எழுதுபவரிடம் ஒப்படைத்தார். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர் கையில். அந்த ஆள் மாதக்கணக்கில் ரிட்டர்ன் தாக்கல் செய்யவே இல்லை. வந்த நோட்டீஸ் இவர் கண்ணில் படவில்லை. பதிவு ரத்தான விவரம் மொத்த வியாபாரி சொல்லித்தான் தெரிந்தது. என் முன்னால் உட்கார்ந்து, "ஹஜ்ரத், எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அந்தப் பையன்? அவனை அதட்டவில்லை. கடைக்குப் போவதானால் போ, தவறிய இரண்டு பாடத்தை மட்டும் எழுதிவிடு, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதில்லை என்று சொன்னேன். இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறான். பெருநாள் வியாபாரம் நீங்கலாக, மாலை ஆறு மணிக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி ஒப்புக்கொண்டார், பேச்சு மாறவில்லை. அறிவியல் தேறிவிட்டான். கணக்கு பாக்கி இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில் ஒரு கல்லூரி மாணவர் சொல்லிக் கொடுக்கிறார். வந்து உட்காருகிறவர்கள் இப்போது ஐந்து பேர். அல்ஜீப்ரா தொடங்கும்போது மட்டும் நான் மெதுவாக எழுந்து கீழே வந்துவிடுகிறேன்.