வில்லின் முதுகில் ஒரு மூங்கில் பட்டை

பேரனுக்காகச் செய்த வில் இரண்டாம் நாளே உரிந்துவிட்டது. மரத்தின் மேல் ஒட்டியிருந்த மூங்கில் பட்டை, அவன் நாணை இழுக்கும்போது நுனியிலிருந்து சடக்கென்று கிளம்பி, காதருகே வீசியது. நல்லவேளை, காயமில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "பசை சரியில்லை சார்" என்றார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வில்லை வளைக்கும்போது வெளிப்பக்கம், அதாவது முதுகு, இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது. மூங்கிலின் நார்கள் நெடுக ஓடுபவை. தோலை ஒட்டிய இடத்தில்தான் அடர்த்தி அதிகம். அதனால்தான் அதை முதுகில் வைப்பது. எருக்கந்தூண் நிற்கும் கோயிலைப் பார்த்து வளர்ந்த திருமுல்லைவாயில்காரர்களுக்கு, மெல்லிசானது தாங்குமா என்று சந்தேகம் வராது! ஆனால் சிலர் அழகுக்காக அந்தத் தோலையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்க வேண்டியது உட்பக்கத்தை. இரண்டு பரப்பும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நான் அங்கேதான் கோட்டை விட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது நடுவில் ஒரு கீற்று தெரிந்தது. பசை நிரப்பிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம் மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது. பிடித்தால் விடாது, ஆனால் ஈரத்தில் இளகும். கொம்பும் நரம்பும் வச்சிரத்தில் ஒட்டிய வில்களுக்கு நம் மழைக்காலம் எமன். முகலாயர் காலத்தில் இங்கே எஃகிலேயே வில் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய வெள்ளைப் பசை, சூட்டில் இளகும். நானோ அதைப் பூசி, இரண்டு மணி நேரம் கட்டிவைத்து, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போட்டேன். பசை தன் குணத்தைத்தான் காட்டியது. அதன்மேல் பழி போடுவது என்ன நியாயம்?

இரண்டாவது வில்லுக்கு, இரண்டு டியூப்பைக் கலக்கும் எபாக்சி. இதை முறுக்கி இறுக்கக் கூடாது. பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றினேன். அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழுகிறது, செலவும் இல்லை.

கட்டு பிரித்து நான்கு நாளாகிறது. தினமும் நானே, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்கிறேன். பேரன் வாசலில் நின்றபடி, "தாத்தா, இன்னிக்காவது?" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.